அம்மா மைனாவை அன்போடு பார்த்தார்

சிங்கப்பூரில் முயல்கள் எங்கே வசிக்கின்றன என்று எனக்குத் தெரியாது. செல்லப்பிராணிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் தேக்காவில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் ஞாயிறு தவறாமல் முயல்கள் பெருகின. நன்றி மறவாத முயல், பகிர்ந்துண்ணும் முயல், பெற்றோர் சொல் கேளாமல் காலை ஒடித்துக்கொண்ட முயல். சிறுவர் படக்கதை எழுதக் கற்றுக்கொள்ளலாம் என்று போன என்னை வரவேற்றவை அவைதாம்.

பயிலரங்கை நடத்தியது ஓர் அமைப்பு. பெயர் வேண்டாம். அதை அவர்களே பேனரில் போதுமான அளவு பெரிதாகப் போட்டுக்கொள்கிறார்கள். தேர்வாகும் கதைகளுக்கு ஓவியம் வரையவைத்து, அச்சிட்டு, பாலர் பள்ளிகளுக்குக் கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மீதிப் பேர் ஆசிரியர்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டவர்கள். முயல்களில் பெரும்பாலானவற்றைப் பெற்றெடுத்தது காத்தோங்கிலிருந்து காரில் வரும் ஓர் அக்கா. வீட்டில் எல்லாரும் டாக்டர், வக்கீல் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். பயிலரங்கில் மாணவியாக உட்கார்ந்திருந்த அவரே தேர்வுக் குழுவிலும் இருந்தார். இது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

நான் அங்கே போனதற்குக் காரணம் அம்மா.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அப்பா லாரி ஓட்டுகிறார். சாலைப் பெயர்ப் பலகைகளைப் படிப்பார், அதற்கு மேல் எழுத்தோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தது, எனக்கு ரிப்போர்ட் கார்டு வாங்க வந்தபோதுதான். பல்கலைக்கழகம் முடித்த கையோடு நான் எழுதிய சிறுகதை ஒரு தொகுப்பில் வந்தது. அம்மா ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

“என்னடா, ஒரு படங்கூட இல்ல?”

“இது பெரியவங்க புக்குமா.”

“அப்ப நான் யாராம்?”

அம்மாவால் படிக்க முடிந்த ஒரு புத்தகத்தை எழுதவேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. அதில் அம்மாவே இருக்கவேண்டும் என்பது அதற்கடுத்து வந்த ஆசை. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய உணவங்காடி நிலையத்தில் தட்டு எடுத்து மேசை துடைக்கிற வேலை அம்மாவுக்கு. பாடநூல்களில் நான் பார்த்த அம்மாக்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு கேக் செய்வார்கள், இல்லையென்றால் கைப்பை மாட்டிக்கொண்டு ஆபிஸ் போவார்கள். எச்சில் தட்டு அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஓர் அம்மாவை எந்தப் பக்கத்திலும் பார்த்ததில்லை. அந்த வண்டியோடும் அந்தத் துணியோடும் அம்மா ஒரு புத்தகத்தில் இருக்கவேண்டும். அம்மா பக்கம் புரட்டித் தன்னைத்தானே கண்டுபிடிக்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பயிற்றுநரை எல்லாரும் ஐயா என்றுதான் அழைத்தோம். தேர்வுக் குழுத் தலைவரும் அவர்தான். முதல் வகுப்பில் திரையில் ‘நீதி’ என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு, அதைப் பற்றி மதிய உணவு வரை பேசினார்.

“மாத்திரைக்குள்ள மருந்து இருக்கிற மாதிரி, கதைக்குள்ள நீதி இருக்கணும். பிள்ளை முழுங்கிட்டுப் போயிரணும். அதுக்கே தெரியக்கூடாது.”

“ஐயா, படம்?” என்று கேட்டேன்.

“படமெல்லாம் கடைசியில தம்பி. அது ஓவியர் வேலை. நம்ம வேலை சொல்லு. சொல்லு சரியா இருந்தா படம் தன்னால வந்துரும்.”

அக்கா தலையாட்டினார். அவருடைய முயலும் ஆட்டியிருக்கும். அத்தனை வாரங்களில் அந்த அறையில் ஒரு படக்கதைப் புத்தகம்கூடத் திறக்கப்படவில்லை. தண்ணீரைக் கண்ணில் காட்டாமலே நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்களும் தரையில் படுத்துக் கையைக் காலை அசைத்தோம்.

நானும் அசைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. முதல் ஆளாகப் படித்தவனுக்குத் தான் படித்ததைக் காட்டாமல் இருக்க முடியாது. ‘கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிப் புவியைத் தழுவிய இனிய காலைப்பொழுதில்’ என்று தொடங்கினேன். அம்மா மேசைக்கு வந்துசேரவே இரண்டு பக்கம் ஆயிற்று. ஐயாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

அதை எடுத்துக்கொண்டு சுவா சூ காங்கில் இருக்கும் என் நண்பன் வீட்டுக்குப் போனேன். தேசிய சேவைக்காக ராணுவத்தில் என்னோடு இருந்தவன். அவனுக்கு நான்கு வயதில் ஒரு மகள். சோபாவில் உட்கார்த்திவைத்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். கதிரவன் கையை நீட்டி முடிப்பதற்குள் அவள் சோபாவின் விளிம்புக்கு நழுவியிருந்தாள்.

“ஃபினிஷா அங்கிள்?”

“இல்லடா செல்லம், இன்னும் இருக்கு.”

“ஐயோ,” என்றாள். வீட்டில் தமிழே பேசமாட்டாள் என்று நண்பன் குறைபட்டுக்கொள்வான். அந்த ‘ஐயோ’ சுத்தமான தமிழ்.

அதற்குப் பிறகுதான் நூலகத்துக்குப் போனேன். சிறுவர் பகுதியில் எனக்குப் பாதி உடம்பு மட்டும் அடங்கிய குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, எந்த மொழி என்று பாராமல் படக்கதைகளை அடுக்கிவைத்துப் பார்த்தேன். தாடி வைத்த இளைஞன் ஒருவன் தனியாக அங்கே உட்கார்ந்திருந்ததில் ஒரு தாய்க்குக் கவலை. பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான்கூட என்னைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஒரு விளையாட்டு விளையாடினேன். படத்தைக் கையால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படித்தேன். ‘அறையைச் சுத்தம் செய்துவிட்டான்’ என்று இருந்தது. சப்பென்று இருந்தது. கையை எடுத்தேன். அறை பளபளவென்று இருந்தது. அலமாரிக் கதவு மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது, இடுக்கில் ஒரு காலுறை. அந்த இடைவெளியில்தான் கதை இருந்தது. எழுத்து சொல்வதையே படம் சொன்னால் அது விளக்கப்படம். எழுத்து ஒன்றைச் சொல்ல, படம் வேறொன்றைக் காட்ட, உண்மை தனக்கு மட்டும் தெரியும் என்று பிள்ளை நினைத்தால் அது படக்கதை. பக்கம் திரும்புகிற இடமும் எழுத்தில் சேர்த்திதான் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பக்கத்தை எதற்குத் திருப்பவேண்டும்? தேக்கா அறையில் இதை யாரும் சொல்லவில்லை. யாருக்காவது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு அம்மா வேலை செய்வதைப் போய்ப் பார்த்தேன். ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் போதும். அம்மாவுக்கு அங்கே ஒரு பகைவன் இருந்தான். இடது கால் சற்றே நொண்டிய ஒரு மைனா. அம்மா ஒரு மேசையைத் துடைத்தால் அது அடுத்த மேசைக்குப் போகும். அங்கே போனால் இங்கே வரும்.

“வந்துட்டாரு பெரிய மனுசன்! சூ! போடா அந்தாண்ட! ஒனக்கு வேற கடையே கெடைக்கல?”

மைனா ஒரு கோழி எலும்போடு மின்விசிறிமேல் போய் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தது. அம்மா துணியை ஓங்கியபடி அதைப் பார்த்தார். நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவர் சிரித்து, அம்மாவுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வேறு என்ன கதை வேண்டும்?

கதிரவனைத் தூக்கிக் கடாசினேன். வெள்ளைத் தாள்களை மடித்து ஸ்டேப்பிள் அடித்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்தேன். குச்சி மனிதர்களாக எனக்குத் தெரிந்த வகையில் வரைந்தேன். எழுத்து மிகக் குறைவு. ‘அம்மா மேசை துடைக்கிறார். சூ! மேசை சுத்தம்.’ படத்தில் பார்த்தால் அடுத்த மேசையில் மைனா. ‘சூ! அந்த மேசையும் சுத்தம்.’ இப்போது மைனா அம்மாவின் தள்ளுவண்டியிலேயே சவாரி போகிறது. கடைசியில் அம்மா களைத்துப்போய் உட்கார்ந்து தன் பிராத்தா ரொட்டியைப் பிரிக்கிறார். எதிர் நாற்காலியில் மைனா. அந்தப் பக்கத்தில் எழுத்தே இல்லை. பக்கத்தைத் திருப்பினால் தட்டு காலி, அம்மா துணியோடு ஓடுகிறார். ‘சூ!’

சுவா சூ காங்கில் நண்பன் மகளுக்கு வாசித்தேன். இரண்டாவது ‘சூ’வை அவளே கத்தினாள். மூன்றாவதுக்குப் பக்கத்து வீட்டில் கதவு திறந்தது. முடித்ததும் புத்தகத்தை என் மடியில் திருப்பிவைத்து, “அகெய்ன்,” என்றாள்.

தேர்வுக் குழுக் கூட்டத்துக்கு அந்த மாதிரிப் புத்தகத்தையும் எடுத்துப்போனேன்.

“இதென்ன தம்பி, ஓரிகாமியா?” என்று கேட்டுவிட்டு, ஐயா தன் டீ கிளாஸை அதன்மேல் வைத்தார். எழுத்தை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒற்றைத் தாள்தான் அவர்கள் கையில் இருந்தது. படக்கதைகளைப் படம் இல்லாமல் தேர்ந்தெடுக்கும் குழு உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா, தெரியவில்லை.

“நாலு எடத்துல சூ, சூன்னு இருக்கு. கதை எங்க தம்பி?”

“படத்துல இருக்குங்க ஐயா.”

“படந்தான் இன்னும் வரலையே?”

“ஐயா கிளாஸுக்குக் கீழ இருக்கு.”

அவர் கிளாஸை எடுத்து டீயைக் குடித்தார். திரும்ப அங்கேயே வைத்தார்.

அக்கா மெதுவாக ஆரம்பித்தார். “தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த அம்மா ஏன் கிளீனரா இருக்கணும்? பிள்ளைங்களுக்கு உயர்வான எண்ணம் வரணும் இல்லையா? ஒரு டீச்சரா வச்சா என்ன?”

“டீச்சர் ஏங்க மேசை துடைக்கிறாங்க?”

“துடைக்க வேண்டாமே. சாப்பிட வந்தாங்கன்னு வைங்க. நம்ம ஆளுங்கன்னா இந்த வேலைதான்னு மத்தவங்க நெனைக்கக்கூடாது பாருங்க.”

என் அம்மா அந்த வேலையைத்தான் செய்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அக்காவின் முகத்தில் ஓர் இரக்கம் வரும். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

“அப்புறம் பறவையை விரட்டுறது,” என்றார் ஐயா. “உயிர்களிடத்து அன்பு வேணும் தம்பி. விரட்டக்கூடாது.”

“சரிங்க ஐயா. அப்ப அதுக்குச் சாப்பாடு போட்டுரட்டுமா?”

“ஐயையோ!” அக்கா பதறினார். “பறவைக்குத் தீனி போட்டா ஃபைன் கட்டணும்லா! பாலர் பள்ளியில ஒத்துக்கமாட்டாங்க.”

“போடலீங்க அக்கா. அதுவா திருடுது.”

“திருட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?” என்றார் ஐயா.

விரட்டக்கூடாது, ஊட்டக்கூடாது, அதுவாக எடுக்கவும் கூடாது. அந்த மைனா அவர்கள் முன்னால் இருந்திருந்தால் தானாகவே மனம் நொந்து பட்டினி கிடந்திருக்கும். கூட்டம் முடிந்தபோது கதை இப்படி ஆகியிருந்தது: ‘அம்மா உணவங்காடி நிலையத்திற்குச் சென்றார். அங்கே ஒரு மைனா வந்தது. அம்மா மைனாவை அன்போடு பார்த்தார். மைனாவும் அம்மாவை அன்போடு பார்த்தது. இருவரும் மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழித்தனர். மைனா விடைபெற்றுப் பறந்து சென்றது. நாமும் தூய்மை பேணுவோம்.’ தூய்மை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நீதி இல்லாமல் முடிக்க முடியாது என்றார்கள். ஒத்துக்கொண்டால் அச்சுக்குப் போகும், இல்லையென்றால் வேறொருவர் கதை போகும். வேறொருவர் என்றால் முயல்.

எம்ஆர்டி ரயிலில் வரும்போது கதையைத் திரும்பப் பெறுவதாகச் செய்தி தட்டிவைத்தேன். அனுப்பவில்லை. வீட்டில் அம்மா கேட்டார், “படம் போட்ட புக்கு எப்படா வரும்? நான் இருக்கேன்ல அதுல?”

“பாக்கலாம்மா.”

“என்ன பாக்கலாம்? பக்கத்து ஸ்டால் அக்காகிட்டல்லாம் சொல்லிட்டேன்.”

அம்மா இல்லாத புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுப்பதா, புத்தகமே இல்லை என்று சொல்வதா? இரண்டில் எது குறைந்த கேவலம் என்று யோசித்துக்கொண்டே, என் கதைக்குக் குழு அமர்த்தியிருந்த ஓவியரைப் பார்க்கப் போனேன். வேண்டாம் என்று நேரில் சொல்லிவிடலாம் என்பதுதான் எண்ணம்.

ஓவியர் என் வயதுள்ள சீனப் பெண். தமிழ் தெரியாது. குழு அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பியிருந்தது: அன்பான தாய், பறவை, தூய்மை. கோப்பிக்கடையில் பால் சேர்க்காத தே ஓவைக் கலக்கிக்கொண்டே, முழு எழுத்தையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாள். அவள் பேசிய ஆங்கிலத்தை இங்கே தமிழில் தருகிறேன்.

“இவ்வளவுதானா? இந்த அம்மா அங்க எதுக்குப் போறாங்க?”

“எழுத்துல அது இல்ல.”

“மேசைமேல என்ன இருக்கு?”

“அதுவும் இல்ல.”

“அன்போட பார்த்தார்னா எப்படி? கிட்டயா, எட்டயா? கையில என்ன வச்சிருக்காங்க?”

“இல்ல. எதுவுமே எழுத்துல இல்ல.”

அவள் கலக்குவதை நிறுத்தினாள். “அப்ப நான் என்ன வேணா வரையலாமா?”

நூலகத்துக் குட்டி நாற்காலியில் கற்றதெல்லாம் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கிளீனர் என்ற சொல்லை அவர்கள் எடுத்துவிட்டார்கள். டீச்சர் என்று போட மறந்துவிட்டார்கள். அம்மா உணவங்காடி நிலையத்திற்குச் சென்றார், அவ்வளவுதான். எதற்குச் சென்றார் என்ற இடம் காலியாகக் கிடந்தது. அத்தனை பக்கங்களும் காலியாகக் கிடந்தன.

டீக்கறை படிந்த மாதிரிப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் எழுத்தைக் கேட்கவில்லை. புரட்டினாள், சிரித்தாள், “இந்த ஆன்ட்டி எங்க இருக்காங்க?” என்று கேட்டாள்.

அடுத்த வாரம் அம்மா எனக்கு வேலையிடத்திலிருந்து போன் போட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“டேய், ஒரு சீனப் பொண்ணு வந்து ஒக்காந்துக்கிட்டு என்னையே பாத்துப் பாத்து ஏதோ எழுதுது. கம்பெனி அனுப்புன ஆளா இருக்குமோ? நான் ஒக்காரவே இல்லடா இன்னிக்கு.”

“ஒக்காருமா. அது படம் வரையிற பொண்ணு.”

“முன்னாடியே சொல்றதில்ல? தலைகூட ஒழுங்கா வாரல!”

படங்கள் தயாரானதும் பக்கங்கள் எல்லாம் குழுவின் ஒப்புதலுக்குப் போயின. நான் பயந்துகொண்டிருந்தேன். ஐயாவிடமிருந்து பதில் வந்தது. ஐந்தாம் பக்கத்தில் ஓர் ஒற்று விடுபட்டிருக்கிறதாம். அதைச் சேர்த்தால் அச்சுக்கு அனுப்பலாமாம். ஐந்தாம் பக்கத்தில் அம்மா துணியைத் தலைக்குமேல் ஓங்கிக்கொண்டு, வாயை வட்டமாகத் திறந்தபடி, இரண்டு பக்கத்துக்கும் பரவி நின்றுகொண்டிருந்தார். அதற்குக் கீழே இல்லாத ஒற்றை மட்டும் ஐயா பார்த்திருந்தார். ஒற்றைச் சேர்த்தோம்.

வெளியீடு ஒரு நூலக அரங்கில் நடந்தது. பாலர் பள்ளிப் பிள்ளைகளைத் தரையில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். நண்பனின் மகளும் அதில் இருந்தாள். அம்மா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பட்டுப்புடவையில், எனக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அக்காவின் முயல் முதலில் வந்தது. அது கேரட்டைப் பகிர்ந்துகொண்டது. பிள்ளைகள் ஒருவர் காலணியை ஒருவர் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து என் கதை. ஐயாவே வாசித்தார். அவருக்குப் பின்னால் பெரிய திரையில் பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது கையில் தாளாக இருந்தது.

“அம்மா உணவங்காடி நிலையத்திற்குச் சென்றார்,” என்றார், மேடைக் குரலில். திரையில் அம்மா தட்டுமலையோடு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அம்மா என் கையைப் பிடித்தார்.

“அம்மா மைனாவை அன்போடு பார்த்தார்.” துணி ஓங்கியிருந்தது. பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். ஐயா முகம் மலர்ந்து, குரலை இன்னும் உயர்த்தினார். “மைனாவும் அம்மாவை அன்போடு பார்த்தது!” மைனாவின் அலகில் முழுக் கோழிக்கால். “இருவரும் மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழித்தனர்!” நாற்காலிகள் கவிழ்ந்திருந்தன, ஒருவர் தலையில் மீ கோரேங் நூடுல்ஸ். தரையிலிருந்து ஒரு குரல், எனக்குத் தெரிந்த குரல், “சூ!” என்று கத்தியது. பிறகு அரங்கு முழுக்க “சூ! சூ!” குழு நீக்கிய அத்தனை சூக்களும் திரும்பி வந்தன, வட்டியோடு. “நாமும் தூய்மை பேணுவோம்,” என்று ஐயா முடித்தபோது திரையில் மைனா அம்மாவின் பிராத்தாவோடு மின்விசிறிமேல் உட்கார்ந்து, கீழே அசிங்கம் செய்துகொண்டிருந்தது. அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. அக்கா மட்டும் திரையைப் பார்த்தபடி இருந்தார், கைதட்டாமல்.

ஐயா இறங்கிவந்து என் தோளைத் தட்டினார். “பாத்தீங்களா தம்பி? நீதி சரியா அமைஞ்சா பிள்ளைங்க எப்படி ரசிக்குதுங்க!”

“ஆமாங்க ஐயா.”

வீட்டுக்கு வரும் ரயிலில் அம்மா புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தன்னை விரலால் தொட்டார்.

“இவ்ளோ குண்டாவாடா இருக்கேன்?”

“அது வண்டிமா.”

ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது. படத்துக்குக் கீழே இருந்த வரியைத் தடவிக் காட்டினார். “இதுல என்ன எழுதியிருக்கு?”

“அம்மா மைனாவை அன்போடு பார்த்தார்.”

அம்மா வரியைப் பார்த்தார். ஓங்கிய துணியைப் பார்த்தார்.

“ஆமா, அன்பாத்தான் பாத்தேன்,” என்று பக்கத்தைப் புரட்டினார். “கையில கெடச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”